கிராபியில் ஒரு நாள் தீவுப் பயணம்: நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு எந்தப் படகு?

மயிலைத்தெரு:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்தின் கிராபிக்குப் போகிறோம். ஆவ் நாங் கடற்கரைக்குப் பக்கத்தில் அறை எடுத்தாயிற்று. நான், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு, மற்றபடி தெம்பானவர். பெரியவன் மட்டும் கோடையில் நீச்சல் வகுப்புக்குப் போனான். மற்ற யாருக்கும் நீந்தத் தெரியாது.

ஒரு நாளை முழுசாகத் தீவுகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கடலில் குளிக்க வேண்டும், அங்கேயே மதியம் சாப்பிட வேண்டும், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஏஜென்ட் பீபீ தீவு ஸ்பீட்போட் பயணத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாலு தீவுப் பயணம், ஹாங் தீவு என்றும் விளம்பரங்கள் இருக்கின்றன. எங்களுக்கு எது சரிவரும்? அம்மா சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவைப்பயணி:

பீபீதான் சார், யோசிக்கவே வேண்டாம். ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மூங்கில் தீவு, பிலே லகூன், மாயா பே, பீபீயின் படகுத்துறை இருக்கும் டோன்சாயில் மதியச் சாப்பாடு, நடுவில் முகமூடி மாட்டி மீன் பார்க்கிற ஸ்நார்க்கல். சாயங்காலம் அறைக்கு வந்துவிடலாம். பிலே லகூனில் மூன்று பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை நிற்கும், நடுவில் அப்படி ஒரு பச்சைத் தண்ணீர். என் மகள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறாள். அவ்வளவு செலவு செய்து போய்விட்டுப் பக்கத்துத் தீவோடு திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாறைமீன்:

தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவன் நான். இப்போது புக்கெட்டில் முக்குளிப்புப் படகுகளில் வேலை. மயிலைத்தெரு சார் கேட்டிருப்பது குடும்பத்தோடு கடலில் இறங்கிக் குளிக்க. அதை வைத்துப் பார்த்தால் என் பதில் கோவைப்பயணியின் பதிலுக்கு நேர் எதிர்.

முதலில் மாயா பே. பெரும்பாலானோர் அந்தப் பெயருக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அங்கே நீந்தக் கூடாது. 1999-ல் ஒரு ஹாலிவுட் படப்பிடிப்பு நடந்த பிறகு உலகமே அங்கே வந்து குவிந்தது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேருக்கு மேல் இறங்கி, நங்கூரமும் கால்களும் பட்டுப் பவளம் செத்துப்போயிற்று. 2018 ஜூனில் மூடினார்கள். திறந்தது 2022 ஜனவரியில். இப்போது படகு குடாவுக்குள் நுழையவே முடியாது. தீவின் பின்பக்கம் இறங்கி, மரப்பாலத்தில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம். கால் நனைக்கலாம், அவ்வளவுதான். கரையோரமே கருமுனைச் சுறாக் குட்டிகள் மறுபடி திரிய ஆரம்பித்துவிட்டன. எனக்கு அந்த விதியில் முழுச் சம்மதம், நல்ல காரியம் செய்தார்கள். ஆனால் சின்னப் பிள்ளையை அந்தத் தண்ணீரின் ஓரத்தில் நிறுத்தி வைத்து, இறங்காதே என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தூரம். பீபீ கரையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஸ்பீட்போட் அந்தத் தூரத்தை அலைக்கு அலை குதித்துக்கொண்டு போகும். முன்பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு குதிப்பும் இடுப்பில் விழும். முதுகெலும்பில் அடிபட்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளைப் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். 64 வயது அம்மாவோடு போவதென்றால் கடைசி வரிசை தவிர வேறெங்கும் உட்கார வைக்காதீர்கள். அங்கே இன்ஜின் சத்தமும் புகையும் உண்டு, ஆனாலும் குதிப்பு குறைவு.

நாலு தீவு என்பது போடா, தூப், கோழித்தீவு, பிறகு ரெய்லே பக்கத்துப் பிரா நாங் கடற்கரை. தீவுகள் ஆவ் நாங் கரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும். லாங்டெயில் மரப்படகில் அரை மணி நேரத்துக்குள் போடா. கடலில் கழிக்கும் நேரம் கூடுதல், படகில் உலுக்கு வாங்கும் நேரம் குறைவு. வானம் கறுத்தால் உடனே கரைக்குத் திரும்பிவிடலாம்.

கோவைப்பயணி:

பாறைமீன், நீங்கள் தொழிலாகக் கடலில் இருப்பவர், மறுக்கவில்லை. ஆனால் மாயா பே ஒன்றுதானா பீபீ? பிலே லகூனில் படகிலிருந்தே தண்ணீருக்குள் இறங்கலாம். மூங்கில் தீவில் வெள்ளை மணல், அங்கே தாராளமாகக் குளிக்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் நீச்சல் தெரியாதவர்களும் மிதக்கலாமே. எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது, எல்லாரும் சந்தோஷமாக இறங்கினார்கள்.

பாறைமீன்:

பிலே லகூன் அழகு, அதில் இரண்டு கருத்து இல்லை. அங்கே கால் ஊன்றத் தரை கிடைக்கிற இடம் குறைவு. சீசனில் இருபது முப்பது படகுகள் சுற்றி நிற்கும், எல்லாவற்றின் ப்ரொப்பெல்லரும் தண்ணீருக்குள். நீச்சல் தெரியாதவர் ஜாக்கெட்டோடு மிதக்கும்போது நீரோட்டம் தள்ளினால் தானாகத் திரும்பி வரத் தெரியாது. பெரியவர் ஒருவர் தனியாகப் போனால் சரி. இரண்டு சிறுவர்களையும் ஓர் அம்மாவையும் பார்த்துக்கொள்ள இரண்டு பெரியவர்கள், அவர்களுக்கும் நீச்சல் தெரியாது. இந்தக் கணக்குத்தான் எனக்கு ஒத்துவரவில்லை. குடும்பத்தில் யாருக்குத் தண்ணீர் குறைவாகப் பழக்கமோ, அவரை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போடாவில் மணல் சரிவு மெதுவாக இறங்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே முகமூடி மாட்டிக் குனிந்தால் வரி வரியாக மீன்கள். அதற்கு மேல் ஆழம் எதற்கு?

பீபீயைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கிராபி நகரத்துத் துறையிலிருந்து பெரிய ஃபெர்ரியில் போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் டோன்சாய். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை அங்கேயே லாங்டெயில் எடுத்து, ஸ்பீட்போட் கூட்டம் வருமுன் லகூனுக்குள் போய்விடலாம். ஒரே நாளில் போய்த் திரும்புவதைவிட அது நூறு மடங்கு மேல். இந்தத் தீவுகள் தேசியக் கடல் பூங்காவுக்குள் இருக்கின்றன, அதன் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 400 பாட், பிள்ளைகளுக்கு 200. டிக்கெட் விலையில் அது சேர்த்தியா இல்லையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலக்குடை:

அம்மாக்கள் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன். லைஃப் ஜாக்கெட் எல்லாப் படகிலும் இருக்கும், ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிற அளவில் இருக்குமா என்பது வேறு கேள்வி. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் இறங்கியதும் அது காதுவரை ஏறிவிடும், பிள்ளை கீழே நழுவும். கால்களுக்கு நடுவே போகிற பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடைக்கு மேல் வந்தால் அது வேண்டாம். படகு கிளம்பிய பிறகு இதைச் செய்ய முடியாது. கரையில் நிற்கும்போதே கேட்டு வாங்குங்கள். நாங்கள் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போனோம்.

துணி விஷயம். நம் பெண்கள் பருத்திச் சுடிதாரோடு, சில அம்மாக்கள் சேலையோடே கூட இறங்குகிறார்கள். நனைந்த பருத்தி கனக்கும், காலைச் சுற்றும், துப்பட்டா கழுத்தில் சிக்கும். முழுக்கை வைத்த நைலான் நீச்சல் உடைகள் தி.நகரிலேயே கிடைக்கின்றன. உடம்பு முழுதும் மூடியிருக்கும், வெயிலும் தாக்காது. என் மாமியாருக்கும் அதைத்தான் வாங்கினோம், முதல் தடவையாகக் கடலுக்குள் உட்கார்ந்து சிரித்தார்கள்.

வெயில் கிரீம் பற்றியும் சொல்ல வேண்டும். பவளத்தைக் கொல்கிற ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் போன்ற நாலு ரசாயனங்கள் கலந்த கிரீமைத் தாய்லாந்து தேசியக் கடல் பூங்காக்களில் 2021-லிருந்து தடை செய்திருக்கிறார்கள். அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. டியூபின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். துத்தநாக ஆக்ஸைடு போட்டது நல்லது.

ஈப்போ அக்கா:

தம்பி மயிலைத்தெரு, நாங்கள் மலேசியாவிலிருந்து கிராபிக்கு அடிக்கடி போகிற ஆள்கள். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

நாலு தீவுப் பயணத்தில் கொடுக்கிற மதியச் சாப்பாடு பொட்டலமாக வரும். பொரித்த சோறு, கோழி, ஒரு துண்டு தர்பூசணி, இல்லாவிட்டால் அன்னாசி. போடாவில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். பீபீ பயணம் என்றால் டோன்சாயில் பஃபே. அந்தப் பக்கம் முஸ்லிம் ஊர்கள் நிறைய, அதனால் ஹலால் சாப்பாடு சுலபமாகக் கிடைக்கும், பன்றி பற்றிக் கவலை அதிகம் வேண்டாம். சைவத்துக்குத்தான் சிரமம். வெறும் காய்கறி என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், ஆனால் மீன் சாறும் சிப்பிச் சாறும் உள்ளே இருக்கும். கறிக் குழம்பு விழுதில் பெலாச்சான் மாதிரி இறால் விழுது. அதனால் "ஜே" என்று சொல்லிக் கேளுங்கள். சீனக் கோயில் விரதச் சாப்பாடு அது, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. ஆவ் நாங்கில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து மாட்டிய கடை தெரிந்தால் அது ஜே கடை.

அம்மாவுக்கு என்னைக் கேட்டால், பொட்டலத்தை நம்ப வேண்டாம். முதல் நாள் சாயங்காலமே ஆவ் நாங்கில் இந்தியக் கடை ஒன்றில் சப்பாத்தியோ எலுமிச்சைச் சாதமோ சொல்லி வைத்து, காலையில் டிபன் பாக்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். பிரா நாங் கடற்கரையில் படகுகளையே கடையாக்கி நிறுத்தியிருப்பார்கள். சுட்ட சோளம், வெட்டிய மாம்பழம், தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சாதம் எல்லாம் அங்கே கிடைக்கும். அம்மா தாராளமாகச் சாப்பிடலாம்.

மிச்சச் சோற்றை மீனுக்குப் போடாதீர்கள். பூங்காவில் அது தடை. ரொட்டி தின்று பழகிய மீன் பவளத்துப் பாசியை மேய்வதை விட்டுவிடுகிறது என்று எங்கள் படகோட்டி சொன்னார். குரங்குக்கும் கையை நீட்ட வேண்டாம், பையைப் பிடுங்கும், கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டி வரும்.

கல்வெட்டுப்பித்து:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் கிராபி என்று பார்த்ததும் சும்மா போக மனமில்லை. கிராபி நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் கிளாங் தோம் என்ற ஊர். அங்கே புத்த விகாரையில் ஒரு சின்ன அருங்காட்சியகம். பக்கத்து மேட்டில் மணிகளோடு கிடைத்த ஓர் உரைகல்லில் தமிழ்ப் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. பெரும்பதன் என்பவனுடைய கல் என்று பொருள். உரைகல் என்பது பொன்னை உரைத்துப் பார்க்கிற கல். கி.பி. 3 அல்லது 4-ம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். நம் ஊர்த் தட்டான் ஒருவன் அந்தக் காலத்திலேயே இந்தக் கரையில் கடை போட்டிருக்கிறான்! கடலில் இறங்காத ஒரு நாள் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

மயிலைத்தெரு:

இவ்வளவு அக்கறையாக எழுதுகிறீர்கள், எல்லாருக்கும் நன்றி. கல்வெட்டுப்பித்து சார், அதைக் கேட்டதுமே அம்மா போக வேண்டும் என்கிறார்.

வீட்டில் பேசினோம், நாலு தீவுப் பக்கமே சாய்கிறோம். மூன்று சந்தேகம். கூட்டுப் படகா தனிப் படகா? அம்மா லாங்டெயிலில் ஏற முடியுமா? தூப் தீவில் கடல் நடுவே மணல் பாதை தோன்றும் என்கிறார்களே, அது எப்போது தெரியும்?

பாறைமீன்:

தனிப் படகு எடுங்கள். ஐந்து பேருக்கு அது கட்டுப்படியாகும். ஆவ் நாங் கடற்கரையிலேயே படகோட்டிகள் சங்கத்தின் டிக்கெட் சாவடிகள் இருக்கின்றன. எந்த இடத்துக்கு எவ்வளவு என்று பலகையில் போட்டிருப்பார்கள், பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை. தனிப் படகில் எந்தத் தீவில் எத்தனை நேரம் என்பது உங்கள் கையில். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் கூட்டுப் படகுகள் வருமுன் போடாவின் பாதிக் கடற்கரை உங்களுக்கே கிடைக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாக் குழுவும் போடாவில்தான் இறங்கும், அப்போது நீங்கள் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பிரா நாங்கை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாறை நிழல் உண்டு, சாப்பாட்டுப் படகுகளும் உண்டு. அங்கே குகைக்குள் ஒரு கோயில், மீனவர்கள் கடலுக்குப் போகுமுன் வேண்டிக்கொள்வது. மரத்தில் செய்த லிங்கங்களைக் காணிக்கையாக வைத்திருப்பார்கள். நம் ஆள்கள் சிலர் சிரித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அது அவர்கள் கும்பிடும் இடம், அந்த மரியாதையோடு பாருங்கள். படகின் முன்மூக்கில் கலர் துணி கட்டியிருப்பதும் அப்படித்தான், படகைக் காக்கும் தெய்வத்துக்கு. அதன்மேல் காலை வைக்கக் கூடாது.

அம்மா ஏறுவது பற்றி. ஆவ் நாங்கில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து போய், படகின் பக்கத்தில் தொங்கும் சின்ன ஏணியில் ஏற வேண்டும். படகோட்டி கை கொடுப்பார். அலை பின்வாங்கும்போது ஏறச் சொல்லுங்கள், அவசரம் வேண்டாம். தண்ணீருக்குள் போட்டு நடக்க ரப்பர் செருப்பு கட்டாயம். கீழே உடைந்த பவளமும், சில இடங்களில் நீள முள் வைத்த கடல் முள்ளெலியும் இருக்கும். அந்த முள் குத்தினால் உள்ளேயே ஒடிந்துவிடும்.

மணல் பாதை. கிராபிப் பக்கம் கடல் ஏறி இறங்குவது நம் கடற்கரையைப் போல அல்ல. மன்னார் வளைகுடாவில் ஒரு மீட்டர்கூட ஏறாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டரைத் தாண்டும். அந்த நாட்களில் நீர் வற்றும்போது தூப், மோ, கோழித்தீவு மூன்றுக்கும் நடுவே மணல் திட்டு எழும்பி, ஆள்கள் தீவுக்குத் தீவு நடந்து போவார்கள். அஷ்டமி, நவமியில் ஏற்றமும் வற்றமும் மட்டுப்படும். பாதை சரியாகத் தெரியாது, கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்குமே, நீங்கள் தங்கும் நாட்களின் திதியைப் பாருங்கள். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ நெருங்கிய நாளைப் படகுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளைக் கிளாங் தோமுக்கு விடுங்கள். எத்தனை மணிக்கு வற்றும் என்பதைச் சாவடியில் கேட்டால் சொல்வார்கள். அந்த நேரத்தில் தூப் தீவில் இருக்கிற மாதிரிச் சுற்றை மாற்றிக்கொள்ளலாம். நீர் நன்றாக வற்றும்போது கரையிலிருந்து படகு தள்ளி நிற்கும், அம்மா கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைப்பையன்:

இடையில் ஒரு கேள்வி அண்ணா. பள்ளி லீவு மே மாதம்தான் கிடைக்கிறது, விமான டிக்கெட்டும் அப்போது மலிவு. மே கடைசியில் இதே பயணம் போகலாமா?

பாறைமீன்:

தம்பி, டிக்கெட் ஏன் மலிவு என்று யோசித்துப் பார். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. தினமும் புயல் என்று இல்லை, நல்ல நாட்களும் வரும். ஆனால் காலையில் வெயில் அடிக்கும் கடல் மதியத்துக்குள் மாறிவிடும். 2018 ஜூலையில் புக்கெட் பக்கத்தில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் செத்தார்கள், எல்லாரும் சீனப் பயணிகள். வானிலை எச்சரிக்கை இருந்தும் படகு கடலுக்குப் போயிருந்தது. அதன் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, துறையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் சண்டை போடாதே, பணத்தைத் திருப்பிக் கேள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே இறங்காதே, நீரிழுப்பு ஆளைக் கொண்டுபோய்விடும். மாயா பேயும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடியிருக்கும்.

மே மாதம்தான் முடியும் என்றால் தாய்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போ. சமூய் தீவுப் பக்கம் அப்போது கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அங்கே பெருமழை அக்டோபர் வாக்கில்தான் தொடங்கும். அங்கேயும் ஆங் தோங் தீவுக்கூட்டத்துக்கு ஒரு நாள் படகுப் பயணம் உண்டு.

கோவைப்பயணி:

இவ்வளவையும் படித்த பிறகு மயிலைத்தெரு சாருக்கு நாலு தீவுதான் பொருத்தம் என்று ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து நீச்சல் கற்ற பிறகு பீபீ. ஆனால் ஹாங் தீவை விட்டுவிட்டோமே? அங்கே கடற்கரை இன்னும் அமைதி என்று கேள்விப்பட்டேன்.

ஈப்போ அக்கா:

ஹாங் நல்ல இடம்தான் தம்பி, பிள்ளைகள் குளிக்க ஆழமில்லாத தண்ணீர். லாங்டெயிலில் போனால் ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே ஒரு லகூன், நீர் வற்றியிருந்தால் படகு நுழையாது. மேலே ஏறிப் பார்க்கிற இடத்துக்கு நூற்றுக்கணக்கில் படி, முழங்கால் வலியோடு வேண்டாம். இன்னொரு நாள் கையில் இருந்தால் போகலாம்.

மயிலைத்தெரு, அம்மாவுக்குக் கடல் மயக்கம் வருமா என்று தெரியாவிட்டால் மாத்திரையை ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், இரண்டு இட்லி அளவுக்காவது சாப்பிட்டிருக்க வேண்டும்.

மயிலைத்தெரு:

காலண்டரைப் பார்த்துவிட்டோம். அமாவாசைக்கு அடுத்த நாள் படகு, அதற்கு முந்தின நாள் கிளாங் தோம். சின்னவளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்க இந்த வாரக் கடைசியில் தி.நகர் போகிறோம். நீலக்குடை, கால் பட்டை வைத்தது எந்தக் கடைத்தெருவில் கிடைக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நீலக்குடை:

தி.நகரில் நீச்சல் உடை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், ஜாக்கெட்டை அங்கே தேட வேண்டாம். விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் கேளுங்கள். பிள்ளையின் எடையைச் சொல்லுங்கள், வயதைச் சொல்லி வாங்காதீர்கள். உள்ளே எத்தனை கிலோவுக்கு என்று தைத்திருக்கும். கையில் மாட்டுகிற காற்றடைத்த பட்டை மலிவாகக் கிடைக்கும், கடலுக்கு அது வேண்டவே வேண்டாம்.